உறைபனி இல்லாத தேயிலை மலை

மலாய் மொழியில் ‘தானா’ என்றால் நிலம்; ‘ராத்தா’ என்றால் சமம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிவாகவே கிடக்கும் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓர் ஊருக்குச் ‘சமநிலம்’ என்று பெயர். கேட்டால் வேடிக்கையாக இருக்கும். நேரில் போனால் பெயர் பொருத்தம்தான் என்று ஒப்புக்கொள்வீர்கள். ஒரே ஒரு நீளமான கடைத்தெரு, பேருந்து நிலையம், பள்ளிக்கூடங்கள், அரசு அலுவலகங்கள், வரிசையாக உணவகங்கள். இத்தனையையும் தாங்கும் அளவுக்கு ஒரு தட்டையான துண்டு நிலம் அந்த மலையில் கிடைத்திருக்கிறது. அதுதான் தானா ராத்தா. மலேசியாவின் பஹாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலை மாவட்டத்தின் தலைமையிடம்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களுக்கு இது ஊட்டி மாதிரி. வாரக் கடைசியோடு ஒரு நாள் விடுமுறை சேர்ந்துவிட்டால் போதும், குடும்பம் குடும்பமாக மலையேறுவார்கள். தேயிலைத் தோட்டத்தில் படம், ஸ்ட்ராபெரி தோட்டத்தில் ஐஸ்கிரீம், இரவில் சூடான தோசை. நானும் போன தைப்பூச விடுமுறையில் அப்படித்தான் கிளம்பினேன். எனக்குக் கூடுதலாக ஒரு வேலையும் இருந்தது. அதை எனக்குக் கொடுத்தவர் கோத்தகிரியில் இருக்கும் என் அண்ணன்.

எங்களுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் தேயிலை. அதில் அரை ஏக்கர் பள்ளத்தில் இருக்கிறது. மார்கழி, தை வந்தால் அந்த அரை ஏக்கர் எங்களைத் தூங்கவிடாது. உறைபனி இறங்கினால் கொழுந்தெல்லாம் கருகிவிடும். கேமரன் மலையில் சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூரை போட்டு விவசாயம் செய்யும் படங்களை அண்ணன் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். “பள்ளத்துல இருக்கிற தேயிலையப் புடுங்கிட்டு அதே மாதிரி பசுமைக்குடில் போட்டா என்னடா? மானியமும் கிடைக்குதாம். அவங்க எப்படிப் பனியில இருந்து காப்பாத்துறாங்கன்னு நேர்ல பாத்துட்டு வா” என்றார். மானியம் போக மீதிக்குக் கடன் வாங்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா என்பது வரை பேச்சு போயிருந்தது.

தாப்பாவிலிருந்து மேலே

மேற்குப் பக்கத்திலிருந்து மலைக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறும் புதிய பாதை அகலமானது. நான் போனது தாப்பாவிலிருந்து ஏறும் பழைய பாதை. வளைவுக்கு வளைவு காடு நெருங்கி வரும். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. அதைத் தாண்டினால் இந்த மலையின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் மூங்கில் கொட்டகை போட்டு பெத்தாய் காயும் காட்டுத் தேனும் விற்றுக்கொண்டிருப்பார்கள். ரிங்லெட் வந்ததும் காற்று மாறும். பேருந்தில் ஒவ்வொருவராகக் கம்பளிச் சட்டையை எடுப்பார்கள்.

வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் 1885-ல் இந்தப் பகுதியை அளந்தார். அவர் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பின் நாற்பது வருடம் இங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1925-ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத்தலம் என்ற எண்ணம் வேகம் பிடித்தது. 1929-ல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் ‘பாரத்’ தோட்டம் வந்தது. காட்டை வெட்டி, சரிவில் குழி தோண்டி, கன்று நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.

அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. தோட்டத்துக்குள் கோயில், லயன் வீடுகள், ஊருக்குள் தமிழ்ப்பள்ளி, கடைத்தெருவில் வாழையிலைச் சாப்பாடு. கொழுந்து எடுக்கும் கைகள்தான் மாறிவிட்டன. இப்போது வங்கதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தால் மேல்தளத்தை வெட்டிக்கொண்டே நகர்கிறார்கள். வெட்டிய இலை பின்னால் பையில் போய் விழுகிறது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு விரலால் கிள்ளும் காட்சியை இங்கே எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

“குளிர்ல எப்படிக் கருகும்?”

தோட்டத்துக்குப் போகும் வழியில் சின்னக் கடை வைத்திருந்தார் ஒரு அம்மா. எழுபது வயது இருக்கும். பிறந்ததும் வளர்ந்ததும் கொழுந்தெடுத்ததும் இதே மலையில். பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும். ஸ்வெட்டருக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

“தம்பி எந்த ஊரு?”

“கோத்தகிரிம்மா. ஊட்டி பக்கம்.”

“அங்கேயும் தேயிலை உண்டாமே. இதே மாதிரியா?”

“இதே மாதிரிதான். ஆனா எங்களுக்கு தை மாசம் பனியில செடி கருகிரும்.”

ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “குளிர்ல எப்படிக் கருகும் தம்பி? நெருப்புலதானே கருகும்?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் தேயிலைச் செடிக்கு நடுவில் நின்றவர் அவர். மழையைத் தெரியும், மண் சரிவதைத் தெரியும், அட்டைக்கடியைத் தெரியும். பனியில் கருகிய கொழுந்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. இந்த மலையில் உறைபனி விழுவதில்லை. மலேசியாவிலேயே இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் பதிவான 7.8 டிகிரி செல்சியஸ். நீர் உறைவதற்கு அதிலிருந்தும் ஏழெட்டு டிகிரி கீழே இறங்க வேண்டும்.

எங்கள் அப்பாயிக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. அவர் பிறந்தது இலங்கையில், நுவரெலியா பக்கத் தோட்டத்தில். அங்கேயும் தை, மாசியில் புல் வெள்ளையாக உறையும். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எழுபதுகளில் நீலகிரிக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. “நாடு மாறிச்சு, பனி மாறல” என்பார். தமிழர்கள் கொழுந்தெடுத்த மலைகளை எண்ணிப் பாருங்கள்: நீலகிரி, மூணாறு, நுவரெலியா, கேமரன் மலை. முதல் மூன்றிலும் உறைபனி உண்டு. நான்காவதில் மட்டும் இல்லை.

மேகம்தான் போர்வை

உயரம் குறைவு என்பதால் என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஊட்டி 2,240 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். தானா ராத்தா 1,440 தானே? ஆனால் மூணாறு நகரமும் ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 2019 ஜனவரியில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய் ஏக்கர் கணக்கில் தேயிலை கருகியது. ஆகவே உயரம் மட்டும் காரணமில்லை.

பகலில் மண் வாங்கிய வெயிலை இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். மேலே மேகம் இருந்தால் அது அந்த வெப்பத்தில் பெரும்பகுதியை மறுபடி கீழே அனுப்பும். மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் தடுப்பே கிடையாது. தரையும் இலையும் வேகமாகக் குளிரும். வெப்பமானி மூன்று, நான்கு டிகிரி காட்டும் இரவிலும் புல்லின் மேல் உறைபனி படர்வது இதனால்தான். காற்றைவிட இலை அதிகம் குளிர்ந்துவிடுகிறது.

இன்னொரு காரணம், காற்றில் இருக்கும் ஈரம். ஈரமான காற்று குளிரும்போது பனித்துளியாக மாறும். அப்படி மாறும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடும். அதனால் குளிர் ஒரு கட்டத்துக்குக் கீழே இறங்கச் சிரமப்படும். தானா ராத்தாவில் வருடம் முழுக்க மழை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல். மழை இல்லாத இரவிலும் மூடுபனி. பூமத்திய ரேகையிலிருந்து நாலரை டிகிரி தூரத்தில் இருப்பதால் குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. நம் பக்கம் தை மாதம் வடகிழக்குப் பருவமழை விடைபெற்று, வானம் துடைத்த மாதிரி இருக்கும், காற்று வறண்டிருக்கும். ‘தைப் பனி தரையைத் துளைக்கும்’ என்று பழமொழி சொன்னவர்கள் வானிலை படித்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்கள்.

கடைக்கார அம்மாவுக்கு இதை இப்படிச் சொன்னேன்: “உங்க மலைக்கு மேகம் போர்த்தி விடுது. எங்க மலைக்கு அந்த நேரம் பார்த்துப் போர்வைய உருவிருது.” அவர் சிரித்துவிட்டு, “இங்க போர்வை விலகினா சந்தோசப்படுவோம், துணி காயுமே” என்றார்.

எங்கள் மலையின் கைவைத்தியம்

நீலகிரியில் முதலில் வருவது நீர்ப்பனி. ஐப்பசி கடைசியிலோ கார்த்திகையிலோ மழை சீக்கிரம் விட்டுவிட்டால் அது முன்கூட்டியே தொடங்கிவிடும். பிறகு உறைபனி. ஊட்டியில் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கம் புல்வெளி காலையில் உப்புக் கொட்டியது போல் இருக்கும். சுற்றுலா வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். தேயிலைக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். இலைக்குள் இருக்கும் நீர் உறையும்போது அதன் நுண்ணறைகள் சிதையும். வெயில் ஏறியதும் இலை தீயில் காட்டியது போலப் பழுப்பாகிவிடும். அந்தச் செடி மறுபடி தளிர்க்கும் வரை பறிக்க எதுவும் இருக்காது. தோட்டத்தில் கூலிக்குப் பறிப்பவருக்குக் கூடுதல் கிலோவுக்கான காசு போகும். எங்களைப் போன்ற சிறு விவசாயிக்குத் தொழிற்சாலைக்குக் கொடுக்கப் பசுந்தேயிலையே இருக்காது.

அதனால் அவரவர் அனுபவத்தில் சில வழிகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் பழையது தாகை. மலையில் தானாக வளரும் பெரணித் தழை அது. வெட்டி வந்து புதுக்கன்றுகளின் மேல் கூடாரம் போலச் சாய்த்து வைப்பார்கள். கன்று நேரே வானத்தைப் பார்க்காது. வெப்பம் தழைக்குள்ளேயே தங்கும். விடிந்ததும் வெயில் சுள்ளென்று இலையில் அடிக்காமலும் தடுக்கும். பனிக்காலம் முடியும்போது தழை மக்கி அந்தக் கன்றுக்கே உரமாகிவிடும். காசு செலவில்லை, முதுகுவலி மட்டும் உண்டு.

இரண்டாவது, தண்ணீர். சூரியன் வருவதற்கு முன் தெளிப்பானைத் திறந்துவிடுவார்கள். குளிரில் எதற்குத் தண்ணீர் என்று தோன்றும். ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பம் இலையைக் காக்கும். ஆனால் தொடங்கினால் பனி முழுதாக உருகும் வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இலையை இன்னும் குளிர வைத்துவிடும்.

மூன்றாவது, நிழல் மரம். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் பகலில் நிழல் தருவதோடு இரவில் ஒரு மெல்லிய கூரையாகவும் இருக்கிறது. பனிக்காலம் நெருங்கும்போது கவாத்து செய்வதையும், யூரியாவை அள்ளிப் போட்டுத் தளிரை அவசரப்படுத்துவதையும் தவிர்ப்பார்கள். இளந்தளிர்தான் முதலில் கருகும். கருகிய பிறகு ஆத்திரத்தில் உடனே வெட்டித் தள்ளவும் கூடாது. மேலே கருகிய இலை அடியில் உள்ள மொட்டுக்குக் கொஞ்ச நாள் மறைப்பாக இருக்கும். பனி முடிந்தபின் வெட்டிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இடம். குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தின் கீழ்ப்பக்கம் அடர்ந்த வேலி இருந்தால் அணை கட்டியது போல நின்றுவிடும். வேலியில் ஒரு வழி திறந்துவிட்டால் ஓடிவிடும். ஜப்பானின் தேயிலைத் தோட்டங்களில் உயரமான கம்பங்களின் மேல் மின்விசிறிகள் நிற்கும். தரையில் குளிர் தேங்கும் இரவில் சில மீட்டர் மேலே காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அதைக் கீழே தள்ளுவதற்குத்தான் அந்த விசிறிகள். வசந்தம் தொடங்கியதிலிருந்து 88-வது இரவோடு, அதாவது மே மாதத் தொடக்கத்தில், உறைபனி விடைபெறும் என்பது அவர்கள் கணக்கு. நமக்குத் தைப் பனி, மாசிப் பனி என்று இருப்பது போல.

பிளாஸ்டிக் எதற்கு?

இப்போது அண்ணன் கொடுத்த வேலைக்கு வருகிறேன். தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங், கியா ஃபார்ம் தாண்டி கம்போங் ராஜா வரை போனால், சரிவுகளில் தேயிலையைவிட பிளாஸ்டிக்தான் அதிகம் கண்ணில் படும். படி படியாக வெட்டிய மலையில் வெள்ளைக் கூரைகள். தக்காளி, குடைமிளகாய், ஸ்ட்ராபெரி, பூக்கள். பழைய லேண்ட் ரோவர் ஜீப்புகள் காய்கறிக் கூடைகளோடு உறுமிக்கொண்டு ஏறி இறங்குகின்றன. இரவில் சில குடில்கள் மஞ்சள் விளக்கோடு மின்னும். அழகாக இருக்கும், ஆனால் அது அழகுக்கு இல்லை. சாமந்தி வகைப் பூக்கள் நீண்ட இரவு வந்தால் மொட்டு விடும். விளக்கைப் போட்டு இரவைக் குறைத்து, தண்டு நீளமாக வளர்ந்த பிறகு பூக்க விடுகிறார்கள்.

கம்போங் ராஜாவில் தக்காளி போட்டிருக்கும் ஒரு தமிழ் விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“அண்ணே, இந்தக் கூரை குளிருக்கா?”

“குளிருக்கா? மழைக்கு தம்பி! தக்காளி இலையில ஈரம் நிக்கக் கூடாது. ரெண்டு நாள் விடாமப் பெய்ஞ்சா கருகல் நோய் வந்து தோட்டமே போயிரும். மேல கூரை, பக்கத்துல தொறந்து விட்டிருக்கேன் பாரு. காத்து போகணும்ல.”

பார்த்தேன். பக்கவாட்டில் சுவரே இல்லை. அது குடை, வீடு இல்லை. இந்த மலையின் பகை மழை. அதற்கு ஏற்ற ஏற்பாடு அது.

அங்கே நின்றபோதுதான் எங்கள் அரை ஏக்கரின் கணக்கு வேறு என்று உறைத்தது. சாதாரண பாலித்தீன் தாள் மழையைத் தடுக்கும், காற்றைத் தடுக்கும். ஆனால் இரவில் மண்ணிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. கண்ணாடிக்கு இருக்கும் அந்தக் குணம் அதற்கு இல்லை. மேகமில்லாத, அசையாத இரவில், உள்ளே சூடேற்றும் வசதி இல்லாத பாலித்தீன் குடிலுக்குள் வெளியே இருக்கும் அதே குளிர் இறங்கலாம். சில நேரம் கொஞ்சம் கூடுதலாகவும் இறங்கலாம். வெப்பத்தைத் தடுக்கும் தனி வகைத் தாள்கள் உண்டு, உள்ளே இரண்டாவது திரை கட்டலாம். அதற்கெல்லாம் விலை வேறு. பள்ளத்தில் குளிர்க்காற்று தேங்கும் இடத்தில் குடிலைப் போட்டுவிட்டு, பனி உள்ளே வராது என்று நம்பிக் கடன் வாங்குவது ஆபத்து. கோத்தகிரியில் பூ வளர்ப்புக்காகக் கடன் வாங்கிக் குடில் போட்டு நொந்தவர்களை நாங்களே பார்த்திருக்கிறோம்.

கூரையில் விழுந்த மழை

அந்த அண்ணனிடம் இன்னொன்றும் கேட்டேன்: “கூரை மேல விழற மழை எங்க போகுது?” வாய்க்காலைக் காட்டினார். வாய்க்கால் ஓடைக்குப் போகிறது, ஓடை ஆற்றுக்கு. சிலர் தொட்டி கட்டிச் சேமிக்கிறார்கள். எல்லாரும் இல்லை.

காட்டில் விழும் மழையைச் சருகும் மண்ணும் முதலில் குடிக்கும். மிச்சம் மெதுவாக இறங்கும். கூரையில் விழுந்தது ஒரு சொட்டு விடாமல் அப்போதே ஓடும். வெட்டிய சரிவின் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். ரிங்லெட் ஏரியைப் பார்த்தால் அது எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியும். 1963-ல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம் அது. நீர்மின்சாரத்துக்காகக் கட்டியது. மேலிருந்து வரும் மண் படிந்து படிந்து அதன் கொள்ளளவு குறைந்துவிட்டது. தூர் வாரிக்கொண்டே இருக்கிறார்கள். 2013 அக்டோபர் 23 அதிகாலையில், கனமழைக்குப் பிறகு அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. வீடுகள் போயின, உயிர்களும் போயின.

நீலகிரிக்காரனுக்கு இதைக் கேட்டால் 2009 நவம்பர் ஞாபகம் வரும். சில நாள் மழையில் மலை முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் சரிவுகளுக்கும் ஓடும் தண்ணீரைத் தாங்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. மேலே ஒருவர் போடும் கூரை, கீழே இருப்பவர் வீட்டு முற்றத்தில் தண்ணீராக வந்து நிற்கும். கடைக்கார அம்மாவும் இதைத்தான் வேறு மாதிரி சொன்னார்: “முன்னெல்லாம் மழை விட்டு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஓடையில தண்ணி ஏறும். இப்ப மழையும் வெள்ளமும் ஒண்ணா வருது.”

கேமரன் விவசாயிகளைக் குறை சொல்லிவிட்டு வருவது எளிது. மலேசியாவின் சந்தைகளுக்கும் சிங்கப்பூருக்கும் குளிர்ப்பிரதேசக் காய்கறி இங்கிருந்துதான் போகிறது. கூரை இல்லாவிட்டால் தக்காளி இல்லை. ஆனால் அந்த மலையைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது அந்தக் கூரைகள் இல்லை. மேலே மிச்சமிருக்கும் காடு. பிரிஞ்சாங் சிகரத்துக்குப் பக்கத்தில், 2,000 மீட்டர் உயரத்தில், பாசி படர்ந்த காட்டுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். மரம், கிளை, வேர் எல்லாம் பாசியால் போர்த்தியிருக்கும். கையை வைத்து அழுத்தினால் தண்ணீர் கசியும். மூடுபனியிலிருந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக் கீழே அனுப்பும் வேலையை அது காசு வாங்காமல் செய்கிறது.

போகிறவர்களுக்கு

கோலாலம்பூரின் டிபிஎஸ் பேருந்து நிலையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நேரடிப் பேருந்து உண்டு. நான்கைந்து மணி நேரம் ஆகும். வளைவுகளில் தலைசுற்றல் வரும் என்றால் வயிற்றை நிரப்பிக்கொண்டு ஏறாதீர்கள். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வாரக் கடைசியிலும் பிரிஞ்சாங் சாலை நகராது. வார நாளில் போவது புண்ணியம். அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். பகல் இருபது டிகிரியைத் தாண்டும். இரவு பதினைந்துக்குப் பக்கத்தில் வரும். ஒரு ஸ்வெட்டர் போதும். ஊட்டிக்குக் கட்டுவது போல மூட்டை கட்ட வேண்டாம். சுங்கை பாலாஸ் தோட்டத்தின் தேநீர் மையத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மூடுபனி கலைந்து சரிவு தெரியும் நேரம் அது. செடிகளுக்கு நடுவே இறங்கிப் படம் எடுக்கும்போது கொழுந்தை மிதிக்காதீர்கள். அது ஒருவருடைய நாள் கூலி.

அன்று இரவு விடுதி அறையிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். பார்த்ததைச் சொன்னேன். அது மழைக்குப் போட்ட கூரை, நம் பனிக்கு அதை மட்டும் நம்ப முடியாது என்றேன். குடில் போட்டே ஆக வேண்டும் என்றால் பள்ளத்தில் வேண்டாம், மேல் மேட்டில் சின்னதாகப் போடு, முதலில் தொட்டி கட்டு, கூரைத் தண்ணீர் அதில் போய் விழட்டும் என்றேன். பள்ளத்தின் கீழ் வேலியில் இரண்டு இடத்தில் வழி விடு, காற்று இறங்கி ஓடட்டும். அங்கே நாலு சில்வர் ஓக் கன்று வை என்றேன்.

அண்ணன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “மரம் வளர எத்தன வருசம்டா ஆகும்? அதுவரைக்கும்?” என்றார். நியாயமான கேள்விதான். வீட்டுப் பத்திரத்தைப் பற்றி மட்டும் அவர் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். “ஒரு மேகம் இல்ல. நட்சத்திரமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. போன வைச்சிட்டு வா, தாகை வெட்டினது பின்னாடி கெடக்கு. பள்ளத்துக் கன்னுக்கு மூடிட்டு வந்துரலாம்.”

அண்ணன் போனை வைத்தார். எனக்கு ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் எதிர்ச் சரிவின் மஞ்சள் விளக்குகள் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தன.